வீட்டோடு இருக்க ஒரு பெண்



போன இதழுக்குப் பிறகு வந்த கடிதங்களில் ஒன்று எங்களை ராத்திரி வெகுநேரம் பேச வைத்தது. எழுதியவர்கள் கணவன் மனைவி இருவர். நம் வாசகர்கள், நம் கூட்டங்களுக்குப் பாயும் சோறும் சுமந்தவர்கள். அவர் அரசு ஊழியர், அவர் துணைவியார் பள்ளி ஆசிரியை. குழந்தைக்கு ஒரு வயது ஆகப்போகிறது, பேறுகால விடுப்பு முடிகிறது. ஊரிலிருந்து பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, பிளஸ் டூ முடித்தவள், வீட்டோடு தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருகிறாள். ‘அந்தப் புள்ள நம்ம வீட்டை அந்நிய வீடா நினைக்கக் கூடாது தோழர். நாங்க என்ன செய்யணும்? எழுதுங்க’ என்று கேட்டிருக்கிறார்கள்.

ஆசிரியர் குழுவில் வாசித்ததும் ஒரு தோழருக்குக் கோபம் வந்துவிட்டது. ‘வீட்டோட ஆள் வைக்கிறதே பண்ணையாள் முறையோட மிச்சம். அதுல வரவேற்பு ஒரு கேடா?’ அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆள் வைக்கவில்லையென்றால் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்காரப் போவது யார்? அந்த ஆசிரியைதான். அவர் குடும்பத்தில் சம்பளம் வாங்கும் முதல் பெண் அவர். குழந்தைகள் காப்பகம் தெருவுக்கொன்று நடத்த வேண்டிய அரசு நடத்தவில்லை. ஆண் தோழர்கள் யாரும் சம்பளமில்லா விடுப்புப் போட்டுக் குழந்தை வளர்த்ததாக எனக்குத் தெரிந்து இல்லை. ஆக, அந்தப் பெண் வரத்தான் போகிறாள். எப்படி இருக்கப் போகிறாள் என்பதைப் பற்றிப் பேசுவோம்.

நம் பக்கங்களுக்கு இந்தக் கேள்வி புதிது. இதுநாள்வரை நாம் பெண்ணை அனுப்புகிற வீட்டுக்காரர்கள். சேரியிலிருந்து பஸ் ஏறி, தரகர் பின்னால் போய், கோயம்பேட்டில் இறங்கி, முகம் தெரியாத வீட்டுச் சமையலறையில் மறைந்துபோன பெண்கள் நம் அக்காக்கள், அத்தைகள். இப்போது நம்மில் சிலருக்கு இரண்டு படுக்கையறை வீடு இருக்கிறது, வீட்டுக்கடன் இருக்கிறது, ஆள் தேவைப்படுகிறது. சாதி இந்து வீட்டுக்காரன் சொல்லிக்கொண்டிருந்த அதே வாக்கியம் நம் வாயிலும் வந்து உட்கார ஆரம்பித்திருக்கிறது. ‘எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி வச்சிருக்கோம்.’

இந்த ‘மாதிரி’தான் எனக்கு உறுத்துகிறது. விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே வைத்திருக்கிற மொழி நம்முடையது. வாசலில் வந்து நிற்பவருக்குச் சோறு போடுவதைப் பற்றி ஈராயிரம் ஆண்டாகப் பெருமை பேசுகிறோம். அந்த விருந்தாளி எந்தத் தெருவிலிருந்து வந்தால் திண்ணையோடு நிற்க வேண்டியிருந்தது என்பதும் நமக்குத்தான் தெரியும். வீட்டோடு வேலைக்கு வருகிற பெண்ணோ விருந்தாளியும் இல்லை, மகளும் இல்லை. மகள் என்றால் சோம்பலாயிருக்குன்னு பதினோரு மணி வரைக்கும் தூங்கலாம். அப்பனை எதிர்த்துப் பேசலாம். சொத்தில் பங்கு கேட்கலாம். ‘மாதிரி’ மகளுக்கு இதில் எதுவும் கிடையாது. மகள் என்பதால் கூலி கேட்கக் கூடாது, வேலைக்காரி என்பதால் உரிமை கேட்கக் கூடாது. இரண்டு பக்கமும் கதவு சாத்திய ஓர் இடம் அது.

என் பெரியக்கா 1995-இல், பதிமூன்று வயதில், சென்னையில் ஒரு வீட்டுக்குப் போனது. எட்டு வருஷம் இருந்தது. சம்பளம் அப்பா கைக்கு, அதுவும் பாதி முன்பணமாக வாங்கிக் கரைந்தது. அக்காவுக்கு வீட்டில் வேறு பெயர் வைத்தார்கள், கூப்பிட வசதியாக இருக்குமாம். தீபாவளிக்குப் புதுத்துணி உண்டு. காய்ச்சல் வந்தால் மாத்திரை உண்டு. விருந்தாளி வந்தால் ‘எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி’ என்ற அறிமுகம் உண்டு. சமையலறைத் தரை காய்ந்த பிறகு பாய் விரித்துக்கொள்ள வேண்டும். ‘உன் கல்யாணத்தை நாங்க பாத்துக்கறோம்’ என்று எட்டு வருஷமும் சொன்னார்கள். கல்யாணத்துக்கு ஒரு பட்டுப்புடவையும் குத்துவிளக்கும் வந்தது. மாசம் நூறு ரூபாய் அக்கா பெயரில் ஆர்.டி. போட்டிருந்தால்கூட வட்டி நீங்கலாக ஒன்பதாயிரத்து அறுநூறு ரூபாய் கையில் இருந்திருக்கும். வங்கியில் வேலை பார்ப்பவன் புத்தி, இப்படித்தான் கணக்குப் போடுகிறது.

அந்த வீட்டைப் பற்றி அக்கா கோபமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு தடவை மட்டும் சொன்னது: ‘அடிச்சிருந்தா மறுநாளே ஊருக்கு ஓடியாந்திருப்பேன் தம்பி. அன்பா இருந்தாங்க. அதான் எட்டு வருஷம் கெடந்துட்டேன்.’

அன்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அன்பைக் கூலிக்கும் நேரத்துக்கும் பதிலாகக் கொடுக்காதீர்கள் என்கிறேன். முதலில் அவள் ஒரு தொழிலாளி. அதை வாய்விட்டு, அவள் எதிரில், எழுதி ஒப்புக்கொண்ட பிறகு அன்பு தானாக வரட்டும்.

இந்தக் ‘குடும்பத்தில் ஒருத்தி’ப் பேச்சு நமக்கு மட்டும் சொந்தமில்லை. ஐரோப்பாவில் அதற்குப் பேரே உண்டு. வீட்டோடு தங்கிக் குழந்தை பார்த்துக்கொண்டு, அந்த நாட்டு மொழியும் படிக்கிற வெளிநாட்டு இளம்பெண்ணை ‘ஓ பேர்’ என்கிறார்கள். பிரெஞ்சுச் சொல், ‘சமநிலையில்’ என்று பொருள். 1969 நவம்பர் 24-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஐரோப்பிய அவை இதற்கென்றே ஓர் உடன்படிக்கை போட்டது. வயது பதினேழுக்குக் குறையக் கூடாது. நாளொன்றுக்குப் பொதுவாக ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. முடிந்தவரை தனி அறை. வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு, மாதத்தில் ஒன்றாவது ஞாயிற்றுக்கிழமையாக இருக்க வேண்டும். மொழி வகுப்புக்குப் போக நேரம். எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இவ்வளவையும் யோசித்திருக்கிறார்களே என்று வியப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் அதே உடன்படிக்கை, இவள் மாணவியும் இல்லை தொழிலாளியும் இல்லை, இரண்டின் சாயலும் கொண்ட தனி வகை என்றது. கொடுப்பதைச் சம்பளம் என்று சொல்லாமல் கைச்செலவுப் பணம் என்றது. சில நாடுகள் மட்டுமே அதை ஏற்றன. பிறகு நடந்தது நாம் ஊகிக்கக்கூடியதுதான். பணக்கார நாடுகளின் வீடுகளுக்குப் பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளிலிருந்து பெண்கள் வந்தார்கள். பண்பாட்டுப் பரிமாற்றம் என்ற பெயரில் மலிவான வீட்டுவேலை நடக்கிறது என்ற புகார் எழுந்தது. பிலிப்பைன்ஸ் அரசு 1998-இல் ஐரோப்பாவுக்கு ஓ பேர் பெண்களை அனுப்பத் தடை போட்டது, அப்புறம் படிப்படியாக விலக்கிக்கொண்டது. நார்வே 2024-இல், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த அனுமதியைக் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. பெயரிலேயே சமம் இருந்தும் அது போதவில்லை. தொழிலாளி என்று சொல்லாத இடத்தில் சமம் என்ற சொல் வீட்டுக்காரரின் நல்ல குணத்தை நம்பித்தான் நிற்க வேண்டியிருக்கிறது. குணம் திங்கட்கிழமை ஒரு மாதிரி இருக்கும், சனிக்கிழமை வேறு மாதிரி இருக்கும்.

இனி நம் தோழர்களின் வீட்டுக்கு வருகிறேன். அவள் எங்கே படுப்பாள்?

வங்கியில் வீட்டுக்கடன் கோப்புகளில் பெரிய அடுக்கக வீடுகளின் வரைபடங்களைப் பார்க்கிறேன். சமையலறைக்குப் பின்னால், துணி காயப்போடும் இடத்தை ஒட்டி, கட்டில் போட்டால் கதவு திறக்காத அளவில் ஓர் அறை. அதற்கென்று தனிக் கழிப்பறை, அதன் வாசல் வீட்டுக்குள் திறக்காது. லிஃப்டும் சில இடங்களில் தனி. ஊரையும் சேரியையும் பிரித்தவன் கையில்தான் இந்த அளவுகோலும் இருந்திருக்கும். ஆயிரத்து ஐநூறு சதுர அடிக்குள் ஓர் ஊர், ஓர் ஓடை, ஒரு சேரி.

நம் தோழர்களுடையது அந்த ரகம் இல்லை, இரண்டு அறை வீடு. ‘ஹாலில் படுத்துக்கட்டும்’ என்றுதான் முதலில் தோன்றும். ஹாலில் படுப்பவள் கடைசி ஆள் டி.வி.யை நிறுத்தும்வரை தூங்க முடியாது, முதல் ஆள் தண்ணீர் குடிக்க எழுந்தால் எழ வேண்டும். ராத்திரி துணி மாற்ற இடமில்லை, அழ இடமில்லை. இரண்டாவது அறையை அவளுக்குக் கொடுங்கள். புத்தகங்களும் இஸ்திரி மேசையும் வெளியே வரட்டும், நம் இதழ்க் கட்டுகளும்தான். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும். பூட்டும் சாவியுமாக ஒரு அலமாரி, சாவி அவளிடம். கதவைத் தட்டிவிட்டு உள்ளே போங்கள், குழந்தைக்கும் தட்டப் பழக்குங்கள். வீட்டில் கேமரா இருந்தால் அவள் வருவதற்கு முன்பே கழற்றிவிடுவது நல்லது. நம்ப முடியாத ஒருத்தியிடம் குழந்தையைக் கொடுக்கப் போவதில்லையே.

சாப்பாடு. தொட்டியடியில் தனித்தட்டு, தனி டம்ளர் வைக்கிற வீடு நம்முடையதில்லை என்று தோழர்கள் மார்தட்டுவார்கள். இரட்டைக் குவளையை உடைத்தவர்கள் நாம், சரி. ஆனால் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். கறிக்குழம்பில் துண்டு யார் தட்டுக்குப் போகிறது, எலும்பு யாருக்கு மிஞ்சுகிறது என்று பாருங்கள். இன்னொன்றும் உண்டு. முதல்நாளே ‘டேபிள்ல உட்காரு, உட்காரு’ என்று பிடித்து உட்கார வைப்பதும் ஒருவகைக் கொடுமைதான். அவளுக்குச் சோறு இறங்காது, நமக்குப் புரட்சி செய்த திருப்தி கிடைக்கும். கூச்சமாக இருந்தால் நீங்களும் தரையில் உட்காருங்கள். அவளுக்கு எது பிடிக்கும் என்று கேளுங்கள். ‘எதுனாலும் சரிங்க’ என்பாள். பத்து நாள் கழித்து மறுபடி கேளுங்கள். கருவாட்டுக் குழம்பென்று ஒருநாள் சொன்னாளானால் கொஞ்சம் வீட்டுக்குள் வந்துவிட்டாள் என்று அர்த்தம்.

சாதியைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. வந்த பெண் நம் சாதியாக இருக்க வேண்டும் என்று விதியில்லை. அவள் அருந்ததியப் பெண்ணாக இருந்து, வீடு நம்மில் வேறொருவருடையதாக இருந்தால்? ஊரில் பாட்டி வீட்டிலிருந்து போன் வரும், ‘யாருடி அது, எந்தத் தெருப் பொண்ணு?’ என்று. அந்தக் கேள்விக்கு போனிலேயே என்ன பதில் சொல்கிறீர்கள் என்பதை அடுத்த அறையில் இருப்பவள் கேட்டுக்கொண்டிருப்பாள். மேடையில் அனைத்து ஒடுக்கப்பட்டோர் ஒற்றுமை பேசுவது சுலபம். மாமியார் வந்து தங்கும் பத்து நாளில் அதைக் காப்பாற்றுவதுதான் பாடு.

அவள் பெயரை மாற்றாதீர்கள், சுருக்காதீர்கள். பெயரை மறைத்து அடுத்த வீட்டில் தங்குவது என்னவென்று நம் தலைவருக்கே தெரியும். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917-இல் பரோடாவில் வேலைக்குப் போன அம்பேத்கருக்கு இடம் கொடுக்க அந்த ஊரில் ஆளில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடியோடு வந்தார்கள், வெளியேற வேண்டியதாயிற்று. சென்னையில் எத்தனையோ வீடுகளில் நம் பெண்கள் இன்றும் ஊரை மாற்றிச் சொல்லி, சாமி பெயரை மாற்றிச் சொல்லித்தான் சமையலறைக்குள் நிற்கிறார்கள். நம் வீட்டிலாவது அவள் தன் தெருவின் பெயரைச் சத்தமாகச் சொல்லட்டும்.

நேரம்தான் எல்லாவற்றையும்விடச் சிக்கல். குழந்தை வேலைக்கு ஆரம்பமும் இல்லை முடிவும் இல்லை. ‘கொஞ்சம் பாத்துக்கம்மா, குளிச்சிட்டு வந்துடறேன்’ என்பது அரைமணி. இப்படி நாலு ‘கொஞ்சம்’ சேர்ந்தால் அவளுடைய சாயங்காலம் போய்விட்டது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் வீட்டுத் தொழிலாளர்களுக்காக 189-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. கூப்பிட்டால் வருவதற்குத் தயாராகக் காத்திருக்கும் நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கில் எடுக்க அது வழி சொல்கிறது. வாரத்தில் தொடர்ந்து இருபத்து நான்கு மணி நேரம் ஓய்வு, ஓய்வுநாளில் அந்த வீட்டிலேயே கிடக்க வேண்டிய கட்டாயமில்லை, அடையாள ஆவணங்கள் அவள் கையிலேயே இருக்கும் உரிமை, எல்லாம் அதில் உண்டு. ஜெனிவாவில் ஆதரித்து வாக்களித்த இந்திய அரசு இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை. அரசு செய்யாவிட்டால் என்ன, இரண்டு பேர் தங்கள் வீட்டில் செய்யலாம். எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடிவு என்று காகிதத்தில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். முடிந்த பிறகு குழந்தை அழுதால் அது உங்கள் குழந்தை. ராத்திரி குழந்தை அவளோடு படுக்கும் என்றால் அது ராத்திரி வேலை, அதற்குத் தனிக் கூலி. வந்தது குழந்தை பார்க்க என்றால் பாத்திரமும் துணியும் தானாக வந்து அவள் தலையில் ஏறக் கூடாது.

பணத்தைப் பற்றி நான் பார்த்ததைச் சொல்கிறேன். வீட்டுக்கார அம்மா ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு கணக்குத் தொடங்க வருவார். படிவத்தை அம்மாவே நிரப்புவார். கைபேசி எண் என்ற இடத்தில் தன் எண்ணை எழுதுவார். ‘அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார், ஏ.டி.எம். கார்டு எங்கிட்டயே இருக்கட்டும்.’ எல்லாம் நல்லெண்ணம்தான். பணம் அவள் பெயரில் விழும், குறுஞ்செய்தி அம்மாவுக்குப் போகும். நான் பெண்ணைப் பார்த்து, ‘உன் நம்பர் என்னம்மா?’ என்று கேட்பேன். அவள் அம்மாவைப் பார்ப்பாள். 2014-இல் தொடங்கிய ஜன்தன் திட்டத்தில் இருப்புத்தொகை இல்லாமலே கணக்குத் திறக்கலாம். கணக்கு அவளுடையது, எண் அவளுடையது, கார்டும் ரகசிய எண்ணும் அவளுடையது. மாதா மாதம் ஒரே தேதியில் போடுங்கள், ஊருக்கு எவ்வளவு அனுப்புவது என்பதை அவள் தீர்மானிக்கட்டும். அப்பன் முன்பணம் கேட்டு வந்தால் அவளைக் கேட்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். என் அப்பாவைச் சேர்த்தே சொல்கிறேன்.

தமிழக அரசு 2007-இல் வீட்டுப் பணியாளர் நலவாரியம் அமைத்தது, 2018-இல் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. அந்தக் கூலி தரையென்று வையுங்கள், கூரையென்று வைக்காதீர்கள். சாப்பாட்டையும் படுக்கையையும் கூலியில் கழிக்காதீர்கள். வாரியத்தில் பதிவு செய்ய நீங்களே ஒருநாள் விடுப்புப் போட்டு அவளோடு போய் வாருங்கள்.

கடிதத்தில் ஒரு வரி: ‘அவளுக்கு டிகிரி படிக்க ஆசையாம்.’ ஐரோப்பாக்காரர்கள் மொழி வகுப்பை உடன்படிக்கையிலேயே எழுதினார்கள் என்றேனே, நீங்களும் எழுதுங்கள். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேரலாம். வகுப்பு நாளும் தேர்வு நாளும் அவளுடைய நாட்கள். தேர்வு சமயத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் வரும், கட்டாயம் வரும். அன்றைக்கு விடுப்பு எடுக்கப்போவது நீங்கள் இருவரில் யார் என்று இப்போதே பேசி வையுங்கள்.

போக வேண்டும் என்று அவள் சொல்கிற நாள் வரும். வேறு வேலை, கல்யாணம், சும்மா பிடிக்கவில்லை, எதுவாகவும் இருக்கலாம். ‘உன்னை எப்படியெல்லாம் வச்சிருந்தோம்’ என்ற பேச்சு அன்றைக்கு வாயில் வந்தால் அதுவரை செய்ததெல்லாம் கடனாக மாறிவிடும். முதல் வாரத்திலேயே பஸ் கட்டணத்துக்கான பணத்தை அவள் கையில் கொடுத்து, ‘இது ஊருக்குப் போக. எப்ப வேணும்னாலும்’ என்று சொல்லுங்கள். போகிற வழி தெரிந்தவள்தான் இருக்கிற இடத்தில் நிம்மதியாக இருப்பாள்.

2024 ஜனவரியில், சென்னையில் ஓர் அரசியல் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் வீட்டில் தங்கி வேலை பார்த்த தலித் பெண்ணொருத்தி சொன்ன சித்திரவதைகளைக் கேட்டுத் தமிழ்நாடே பதறியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகிக் கைதும் நடந்தது. நாமும் கண்டனக் குரல் எழுப்பினோம். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ‘நாம அப்படியில்லப்பா’ என்று பெருமூச்சு விடுவதில் ஒரு வசதி இருக்கிறது. சூடு போடாத வீடெல்லாம் நல்ல வீடாகிவிடும். என் அக்கா இருந்ததும் சூடு போடாத வீடுதான். பாலியல் தொல்லை என்றால் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடமாகக் கணக்கில் எடுக்கிறது, மாவட்டந்தோறும் உள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவில் வீட்டுத் தொழிலாளி புகார் கொடுக்கலாம். அந்தக் குழு எங்கே இருக்கிறது என்று அவளிடம் சொல்லிக்கொடுக்க வேண்டியது வீட்டுக்கார ஆண்தான். கஷ்டமாகத்தான் இருக்கும். சொல்லுங்கள் தோழர்.

அடுத்த இதழில் வீட்டோடு இருந்து வேலை பார்த்த பெண்களின் பேச்சை அப்படியே போட நினைத்திருக்கிறோம். கவிதை, கட்டுரை என்று கட்டாயமில்லை. மாணவத் தோழர்கள் இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அக்கா, அத்தை, சித்தி யாரையாவது உட்கார வைத்துக் கேளுங்கள். எந்த வருஷம் போனார்கள், எங்கே படுத்தார்கள், பணம் யார் கைக்குப் போனது, எப்படித் திரும்பி வந்தார்கள் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். சொல் திருத்த வேண்டாம். வீட்டுக்காரர் பெயர் வேண்டாம், சொல்கிறவர் விரும்பினால் மட்டும் அவர் பெயரைப் போடுங்கள். எழுதி முடித்ததை அவரிடம் வாசித்துக் காட்டிவிட்டு அனுப்புங்கள்.